முதியோரைத் தேடிச் சென்ற வைத்தியர் மார்ஜரி வாரன்

முதியோர் மருத்துவம் இன்று உலகின் பல நாடுகளில் தனித்ததொரு துறையாக வளர்ந்து நிற்கின்றது. குழந்தைகளுக்கெனத் தனி வைத்திய நிபுணர்கள் இருப்பது போன்று முதியவர்களுக்கெனவும் நிபுணர்கள் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்று எவருக்கும் புதுமையாகத் தோன்றுவதில்லை. ஆனால் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை அவ்வாறு இருக்கவில்லை. நீண்டகாலமாக நோயுற்றிருக்கும் முதியவரைக் கட்டிலில் கிடத்தி, உணவூட்டி, இறுதி நாள் வரும்வரை காத்திருப்பதே பராமரிப்பு என மருத்துவ உலகில் பெரும்பாலானோர் நம்பியிருந்த காலம் அது. அந்த நம்பிக்கையைத் தமது உழைப்பினால் மாற்றியமைத்தவர் டாக்டர் மார்ஜரி வாரன் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் ஆவார். பிரித்தானிய முதியோர் மருத்துவத்தின் தாய் என மருத்துவ உலகம் அவரைப் போற்றுகின்றது.

அவருடைய வாழ்க்கையை நாம் இங்கு நினைவுகூர்வதற்குத் தக்க காரணம் உண்டு. தலைநகரில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளில் முதியோர் இல்லங்களிலும், தொடர்மாடி வீடுகளில் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட பராமரிப்பாளர்களின் துணையுடனும் நாட்களைக் கழிக்கும் தமிழ், முஸ்லிம் முதியவர்களை நாம் கண்கூடாகக் காண்கின்றோம். அவர்களுக்கு உணவு கிடைக்கின்றது. உறைவிடம் கிடைக்கின்றது. நல்லுள்ளம் படைத்த பணியாளர்களின் அன்பும் பல இடங்களில் கிடைக்கின்றது. ஆனால் விசேட வைத்திய நிபுணர் ஒருவர் அவர்களை நேரில் பார்த்து, அவர்களது நோய் என்னவென்று ஆராய்கின்றாரா என்ற வினாவுக்கு மாத்திரம் பலராலும் உறுதியாக விடையளிக்க முடிவதில்லை. மார்ஜரி வாரன் தம் வாழ்நாள் முழுவதும் எழுப்பிய வினாவும் இதுவேயாகும்.

மார்ஜரி வாரன் 1897 ஆம் ஆண்டு ஒக்டோபர் 28 ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். சட்டத்தரணி ஒருவரின் ஐந்து பெண் பிள்ளைகளுள் அவரே மூத்தவர். பெண்களை மருத்துவ மாணவியராக ஏற்றுக்கொள்வதற்கு இலண்டனின் பெரிய போதனா வைத்தியசாலைகள் பல தயங்கி நின்ற காலத்தில், றோயல் ஃப்ரீ வைத்தியசாலை அவர்களுக்குத் தன் வாயிலைத் திறந்து விட்டிருந்தது. அங்கு பயின்ற வாரன் 1923 ஆம் ஆண்டில் வைத்தியராகத் தகைமை பெற்று வெளியேறினார். தொடக்கத்தில் அவரது நாட்டம் சத்திரசிகிச்சையின் பக்கமே இருந்தது. முதியோர் மருத்துவம் என்று ஒரு துறை அப்போது அங்கு இருக்கவில்லை. எனவே அதனை அவர் நாடியிருக்கவும் முடியாது.

1926 ஆம் ஆண்டில் இலண்டனின் மேற்குப் புறத்தே ஐசில்வர்த் என்ற இடத்தில் அமைந்திருந்த வைத்தியசாலையில் உதவி வைத்திய அதிகாரியாக அவர் பணியில் சேர்ந்தார். பிற்காலத்தில் மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலை எனப் பெயர் பெற்றது அதுவேயாகும். 1931 ஆம் ஆண்டில் அங்கு துணை வைத்திய அத்தியட்சகராக உயர்ந்தார். சத்திரசிகிச்சையிலும் பொது மருத்துவத்திலும் தேர்ந்த ஒரு வைத்தியராக அவர் பெயரெடுத்திருந்த வேளையிலேதான் அவருடைய வாழ்க்கையின் போக்கை மாற்றிய அந்த ஆண்டு வந்தது.

இங்கிலாந்தில் ஏழைகளுக்கான சட்டம் என்று ஒன்று நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. 1834 ஆம் ஆண்டில் அது கடுமையாக்கப்பட்டபோது, வேலையற்ற ஏழைகள் அரசாங்க விடுதிகளில் அடைக்கலம் புகுந்து, அங்கு விதிக்கப்படும் வேலையைச் செய்தே உண்ண வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. காலப்போக்கில் அவ்விடுதிகளில் தங்கியிருந்தோரில் நோயாளிகளும் முதியோருமே பெருந்தொகையினராயினர். அவர்களுக்கென விடுதிகளுடன் இணைந்த நோயாளர் பிரிவுகள் எழுந்தன. 1929 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம் இந்நிறுவனங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டன. அதன் தொடர்ச்சியாக 1935 ஆம் ஆண்டில், மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலைக்கு அயலில் இருந்த பழைய ஏழைகள் விடுதியின் நோயாளர் பிரிவு அவ்வைத்தியசாலையுடன் இணைக்கப்பட்டது. அங்கிருந்த 714 பேருக்குமான பொறுப்பு வாரன் அம்மையாரிடம் வந்து சேர்ந்தது.

அவர் அங்கு கண்ட காட்சி துயரமானது. நீண்ட விடுதிகளில் கட்டில்கள் வரிசையாக நெருங்கிக் கிடந்தன. முதியவர்களும், நாட்பட்ட நோயுற்ற இளையவர்களும், மனத்தளர்ச்சியுற்றவர்களும் எவ்வித வேறுபாடுமின்றி ஒன்றாகக் கிடத்தப்பட்டிருந்தனர். அவர்களுள் பலர் ஆண்டுக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்காதவர்கள். மலசலம் கழிப்பதைக் கட்டுப்படுத்த முடியாதவர்கள் பலர். கைகால்கள் மடங்கி விறைத்துப் போனவர்கள் பலர். பணியாளர்கள் கடுமையாக உழைத்தனர். எனினும் அவர்களது உழைப்பு முழுவதும் உணவளித்தல், துடைத்தல், விரிப்பு மாற்றுதல் என்பவற்றுடன் முடிந்து போயிற்று. இவர்களைக் குணப்படுத்தலாம் என்ற எண்ணம் எவரிடமும் இருக்கவில்லை. தீராத நோயாளர் என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டதும் அவரை மீண்டும் பரிசோதிக்க வேண்டிய தேவை இல்லை என்றாகி விட்டது.

வாரன் செய்த முதற் காரியம் எளிமையானது. அத்தனை பேரையும் ஒருவர்பின் ஒருவராகப் பரிசோதித்தார். ஒவ்வொருவரின் பெயரிலும் நோய் வரலாறு எழுதப்பட்டது. இவர் ஏன் கட்டிலில் இருக்கின்றார், எந்த நோய் இவரைக் கட்டிலில் வீழ்த்தியது, அந்த நோய் இன்னமும் இருக்கின்றதா என்ற கேள்விகள் எழுப்பப்பட்டன. அவ்வாறு வினவியபோது வியப்பூட்டும் உண்மைகள் வெளிவந்தன. சிலரது நோயைச் சரியாக இனங்கண்டு சிகிச்சை அளித்ததும் அவர்கள் தேறினர். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்து கிடந்தவர்களில் ஒரு பகுதியினர் உரிய பயிற்சியின் பின் எழுந்து நடந்தனர். வேறு சிலர் கட்டிலில் கிடக்க வேண்டிய நோயாளர்களே அல்லர். போக்கிடம் இல்லாமையே அவர்களை அங்கு இருத்தியிருந்தது.

நீண்ட நாட்கள் படுக்கையில் கிடப்பதே ஒரு நோய் என்பதை அவர் தெளிவாக உணர்ந்தார். அசையாத தசை மெலிகின்றது. மடங்கிய மூட்டு இறுகுகின்றது. அழுத்தத்தால் படுக்கைப்புண் தோன்றுகின்றது. நெஞ்சில் சளி கட்டுகின்றது. நாளடைவில் மனமும் சோர்ந்து, உணவிலும் உரையாடலிலும் நாட்டமற்றுப் போகின்றது. இவற்றையெல்லாம் மூப்பின் இயல்பு என்று எண்ணிப் பிறர் கடந்து சென்றனர். வாரனோ இவற்றுட் பெரும்பகுதி தவறான பராமரிப்பின் விளைவு என்று கண்டார். ஆகவே நோயாளரை நாள்தோறும் கட்டிலிலிருந்து எழுப்பி அமர வைத்தல், உடுக்கச் செய்தல், நடக்கப் பழக்குதல் ஆகியன அவரது விடுதிகளில் சிகிச்சையின் பகுதிகளாயின.

அதனுடன் விடுதியின் தோற்றத்தையும் அவர் மாற்றினார். மங்கிய சுவர்களுக்கு வெளிர்நிற வர்ணம் பூசப்பட்டது. வெளிச்சம் கூட்டப்பட்டது. கட்டில்களுக்கு நிறம் நிறைந்த விரிப்புகள் வந்தன. நடப்போர் பற்றிக்கொள்வதற்குக் கைப்பிடிகள் பொருத்தப்பட்டன. முதியவர்கள் இலகுவாக அமர்ந்து எழுவதற்கேற்ற நாற்காலிகள் இடப்பட்டன. வைத்தியர், தாதி, இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஓர் அணியாக இயங்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. காலை இழந்த முதியவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பயிற்றுவதிலும் அவர் தனிக் கவனம் செலுத்தினார். வயதாகிவிட்டதால் இவருக்கு இனிச் செயற்கைக் கால் எதற்கு என்ற கேள்வியை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

அவர் நோயாளரை வகைப்படுத்திய முறையும் குறிப்பிடத்தக்கது. எழுந்து நடமாடக் கூடியோர், கட்டிலில் இருப்பினும் மலசலக் கட்டுப்பாடு உள்ளோர், கட்டுப்பாடு அற்றோர், அமைதியான முதுமை மறதியுற்றோர், அமைதியற்ற நிலையில் மற்றவர்களுக்கும் தொல்லையாக இருக்கக் கூடியோர் என அவர்கள் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு பிரிவினருக்கும் தேவையான இடமும் பணியாளரும் சிகிச்சையும் வெவ்வேறானவை. இவ்வாறு பிரித்ததால், தெளிந்த அறிவுடைய முதியவர் ஒருவர் இரவு முழுவதும் கூச்சலிடும் நோயாளியின் அருகே உறக்கமின்றிக் கிடக்கும் அவலம் நீங்கியது.

இவற்றின் விளைவு எண்களிலேயே தெரிந்தது. நாட்பட்ட நோயாளர்களுக்கென இருந்த 714 கட்டில்கள் காலப்போக்கில் 240 ஆகக் குறைந்தன. மீதமான கட்டில்களில் ஒரு பகுதி நெஞ்சு நோயாளருக்குப் பயன்பட்டது. நோயாளர் சிலர் வீடு திரும்பினர். சிலர் சாதாரண முதியோர் விடுதிகளுக்குச் சென்றனர். நீண்டகாலப் பராமரிப்பு உண்மையிலேயே தேவைப்பட்டவர்களே எஞ்சினர். அவர்களுக்கும் முன்னரை விட மேலான கவனிப்புக் கிடைத்தது. நிபுணத்துவச் சிகிச்சை முதியோருக்கு வீண் செலவு என்று கருதியிருந்தோர், அதுவே செலவைக் குறைக்கும் வழி என்பதைக் கண்டுகொண்டனர்.

தம் அனுபவத்தை அவர் 1943 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையிலும், 1946 ஆம் ஆண்டில் லான்செற் சஞ்சிகையிலும் கட்டுரைகளாக வெளியிட்டார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலும், அது முடிந்து நாடு வறுமையுற்றிருந்த காலத்திலுமே இவை வெளிவந்தன என்பது கவனிக்கத்தக்கது. முதியோர் மருத்துவம் தனித்துறையாக வேண்டும். அதற்கான பிரிவு ஒதுக்குப்புறத்தில் இல்லாமல் பொது வைத்தியசாலைக்குள்ளேயே அமைய வேண்டும். மருத்துவ மாணவர்களுக்கு இது கற்பிக்கப்பட வேண்டும். முழுமையான பரிசோதனை இன்றி எந்த முதியவரையும் நீண்டகாலப் பராமரிப்புக்கு அனுப்பலாகாது என்பன அவர் வலியுறுத்திய கருத்துக்களாகும்.

முதியோர் மருத்துவத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அவருக்கு முன்னரே தோன்றியிருந்தது. அமெரிக்காவில் வாழ்ந்த இக்னாஸ் நாஷர் என்ற வைத்தியர் 1909 ஆம் ஆண்டிலேயே அச்சொல்லை உருவாக்கினார். ஆயினும் ஒரு சொல் உருவாவதற்கும் ஒரு துறை உருவாவதற்கும் இடையில் நெடுந்தூரம் இருக்கின்றது. அந்தத் தூரத்தைக் கடந்தவர்களுள் வாரன் முதன்மையானவர். ஓர்செற் என்ற இடத்தில் சத்திரசிகிச்சை நிபுணர் லயனல் கொசின் இத்தகைய பணியை மேற்கொண்டிருந்தார். 1947 ஆம் ஆண்டில் இவ்வெண்ணம் கொண்ட ஒரு சில வைத்தியர்கள் ஒன்றுகூடி ஒரு சங்கத்தை அமைத்தனர். வாரனும் அவர்களுள் ஒருவர். பிரித்தானிய முதியோர் மருத்துவச் சங்கம் என அது பின்னர் பெயர் பெற்றது. 1948 ஜூலையில் பிரித்தானிய தேசிய சுகாதார சேவை தொடங்கியதன் பின்னர் முதியோர் மருத்துவ நிபுணர் என்ற பதவிகள் அரசாங்க வைத்தியசாலைகளில் உருவாயின.

இவ்வளவு புகழ் வந்த பின்னரும் வாரன் அம்மையார் தமது வைத்தியசாலையை விட்டு நீங்கவில்லை. வெளிநாடுகளுக்குச் சென்று விரிவுரைகள் ஆற்றினார். திரும்பி வந்து அதே விடுதிகளில் நோயாளரைப் பார்த்தார். 1960 ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பாவில் பயணம் செய்துகொண்டிருந்தபோது நேர்ந்த வீதி விபத்தினால் அவர் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 62. ஆயிரக்கணக்கான முதியோரின் முதுமையைத் தாங்கக் கூடியதாக மாற்றிய அவருக்குத் தம் முதுமையைக் காணும் வாய்ப்புக் கிட்டவில்லை.

முதியோரின் உடல்நிலை வேறு, அதற்கான மருத்துவ முறை வேறு என்ற அறிவு கீழைத்தேயத்துக்கும் புதியதன்று. 1037 ஆம் ஆண்டில் மறைந்த இப்னு சீனா தமது மருத்துவப் பெருநூலில் முதியோரின் உணவு, உறக்கம், உடற்பயிற்சி, எண்ணெய் தேய்த்தல் ஆகியவற்றுக்கெனத் தனிப் பகுதியையே ஒதுக்கியிருந்தார். கெய்ரோவில் 13 ஆம் நூற்றாண்டில் சுல்தான் கலாவூன் நிறுவிய பெரிய வைத்தியசாலை வக்பு சொத்துக்களின் வருமானத்தினால் நடத்தப்பட்டு, ஏழை எளியோருக்கும் திறந்திருந்தது. திருவள்ளுவரும் நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என வகுத்துச் சென்றுள்ளார். எமது முதியோர் இல்லங்களில் நோயாளி இருக்கின்றார். அருகிருந்து பணி செய்பவரும் இருக்கின்றார். மருந்தும் ஏதோ ஒருவகையில் வந்து சேர்கின்றது. நான்கில் ஒன்றான வைத்தியரே எட்டாத் தொலைவில் நிற்கின்றார்.

வாரன் போன்றோர் பிரித்தானியாவில் வளர்த்த துறை கடல் கடந்து தமிழ் மக்களையும் வந்தடைந்தது. அங்கு பயிற்சி பெற்ற டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978 ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனி வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1988 இல் முதியோருக்கான நோயாளர் விடுதியும், 1996 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கான பட்டமேற்படிப்பும் ஏற்பட்டன. 2024 பெப்ரவரியில் சென்னை கிண்டியில் முதியோருக்கான 200 கட்டில்கள் கொண்ட தேசிய மருத்துவ நிலையம் திறந்து வைக்கப்பட்டது. ஒரு வெளிநோயாளர் பிரிவில் ஆரம்பித்த முயற்சி நாற்பத்தாறு ஆண்டுகளில் இவ்வளவு தூரம் வளர்ந்திருக்கின்றது.

எமது நாட்டின் நிலைமை என்ன? தெற்காசியாவில் விரைவாக மூப்படையும் சமுதாயங்களுள் ஒன்று இலங்கைச் சமுதாயம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர், அதாவது மக்கள் தொகையில் 12 வீதத்துக்கும் அதிகமானோர் ஆவர். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தேசிய முதியோர் சபையைத் தோற்றுவித்தது. ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்க வைத்துப் பராமரிக்கும் நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் முதியோர் மருத்துவத்தில் வைத்தியர்களைப் பயிற்றுவிக்கின்றது. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமாகவே வழங்கப்படுகின்றது. இவை யாவும் பெருமைப்படத் தக்கவை.

ஆயினும் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் கிடக்கும் முதியவருக்கும் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விசேட வைத்திய நிபுணருக்கும் இடையேயுள்ள தூரம் வெறும் கிலோமீற்றர் கணக்கன்று. வெள்ளவத்தையிலிருந்து களுபோவில போதனா வைத்தியசாலை அதிக தொலைவில் இல்லை. ஆனால் கிளினிக் நாளன்று அதிகாலையிலேயே அவரை எழுப்பி, உடுப்பித்து, படிகளில் தூக்கி இறக்கி, முச்சக்கர வண்டியில் ஏற்றி, வரிசையில் பல மணிநேரம் இருத்தி, மீண்டும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்கு ஒருவர் நாள் முழுவதும் உடன் செல்ல வேண்டும். இரண்டு மூன்று பணியாளர்களுடன் இயங்கும் ஓர் இல்லத்தில் ஒருவர் வெளியே சென்றுவிட்டால் எஞ்சிய முதியோரைப் பார்ப்பது யார்? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை அவசர நிலைமைகளுக்கானது. மாதாந்தக் கிளினிக்குக்கு அதனை அழைக்க இயலாது. எனவே கிளினிக் நாள் தவறுகின்றது. பின்னர் முதியவர் செல்லாமலே, கிளினிக் கொப்பியை மாத்திரம் கொடுத்தனுப்பிப் பழைய மருந்தையே பெற்றுவரும் வழக்கம் உருவாகின்றது.

தனியார் வைத்தியசாலைகளில் நிபுணர்களைச் சனல் செய்யும் வசதி உள்ளோருக்கும் இத்துன்பம் தீர்ந்துவிடவில்லை. கட்டணம் செலுத்த வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் ஆயத்தமாக இருக்கின்றனர். ஆனால் இரவு வேளையில் நெடுநேரம் காத்திருந்து, சில நிமிடங்களில் முடிந்துவிடும் சந்திப்பில் முதியவரின் பல நோய்களையும் எடுத்துரைப்பதற்கு அவரை நன்கறிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். இதய நோய்க்கு ஒருவர், நீரிழிவுக்கு ஒருவர், மூட்டு வலிக்கு ஒருவர் என வெவ்வேறு நிபுணர்கள் எழுதித் தந்த மருந்துகள் ஒரே பெட்டியில் சேர்கின்றன. அவை யாவற்றையும் ஒருசேரப் பார்த்து, எது வேண்டும், எது வேண்டாம் எனத் தீர்மானிப்பார் எவருமில்லை. முதியவர் தள்ளாடி விழுவதற்கும், பகலெல்லாம் உறங்குவதற்கும், குழப்பமாகப் பேசுவதற்கும் அந்த மருந்துப் பெட்டியே காரணமாகி விடுவதும் உண்டு.

மொழியின் சிக்கலையும் நாம் மறந்துவிட முடியாது. வடக்கு கிழக்கிலிருந்து போர்க் காலத்தில் இடம்பெயர்ந்து வந்து தலைநகரிலேயே மூப்படைந்த தமிழர்களும், 1990 ஆம் ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து சேர்ந்த முஸ்லிம்களும் எம்மிடையே உள்ளனர். அவர்களுள் சிங்களம் அறியாத முதியோர் பலர். முதுமை மறதி முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழி மறைந்து தாய்மொழியே எஞ்சி நிற்பதும் உண்டு. வலி எங்கே, எப்போது தொடங்கியது, எவ்வாறு இருக்கின்றது என்பதைச் சொல்ல முடியாத நோயாளிக்கு எவ்வளவு சிறந்த நிபுணரும் பாதி வைத்தியரே. வயதான முஸ்லிம் பெண்கள் பலர் பெண் வைத்தியர் ஒருவரிடம் மட்டுமே மனம் திறந்து தம் உடல் உபாதைகளைக் கூறுவர் என்பதும் கருத்திற் கொள்ளப்பட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வயது என்ற ஒரு சொல் நோயின் பெயராகிவிட்டது. கண் தெரியவில்லை என்றால் வயது. சத்திரசிகிச்சையால் நீக்கக்கூடிய கண்புரையாக அது இருக்கலாம். காது கேட்கவில்லை என்றால் வயது; காதில் திரண்ட குறும்பியாகவும் இருக்கலாம். பேச்சுக் குறைந்து சுவரைப் பார்த்துக் கிடந்தால் வயது; சிகிச்சையால் தீரக்கூடிய மனச்சோர்வாகவோ தைரொயிட் குறைபாடாகவோ அது இருக்கலாம். சிறுநீர் கட்டுப்பாடில்லை என்றால் வயது, தொற்றாக இருக்கலாம். வாரன் அம்மையார் 1935 ஆம் ஆண்டில் உடைத்தெறிய முற்பட்ட அதே சொல் இன்று எமது இல்லங்களில் சுகமாக வீற்றிருக்கின்றது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பும் எழக்கூடும். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் பெருந்தொகையான வைத்தியர்கள் நாட்டை விட்டு வெளியேறினர். எஞ்சியுள்ள நிபுணர்கள் நிரம்பி வழியும் விடுதிகளுடன் போராடுகின்றனர். அவர்களை முதியோர் இல்லங்களுக்கும் வா என்று அழைப்பது நியாயமா என்பதே அந்த மறுப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வாரன் பொறுப்பேற்றபோதும் வசதிகள் கொட்டிக் கிடக்கவில்லை. நூற்றுக்கணக்கான நோயாளர்களுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க வைத்தியர்களே இருந்தனர். அவரது முறை சுமையைக் கூட்டவில்லை, குறைத்தது. உரிய காலத்தில் இல்லத்திலேயே பார்க்கப்படும் முதியவர், எலும்பு முறிந்தோ நெஞ்சில் சளி முற்றியோ நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் நிலை குறையும்.

ஆகவே பாரிய திட்டங்கள் எதனையும் நாம் கோரவில்லை. இல்லமொன்றில் சேரும் ஒவ்வொரு முதியவரும் சேர்ந்து சில வாரங்களுக்குள் முழுமையான மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும். பதிவு பெற்ற இல்லங்கள் ஒவ்வொன்றும் அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் மருத்துவப் பிரிவு ஒன்றுடன் இணைக்கப்பட்டு, அப்பிரிவின் வைத்தியர் அணி மாதம் ஒரு முறையேனும் இல்லத்துக்கு வர வேண்டும். நேரில் வர இயலாத நிபுணர்களுடன் காணொளி வழியாகப் பேசும் ஏற்பாடு செய்யப்படலாம். ஒவ்வொருவருக்கும் ஒரே கோவையும் ஒரே மருந்துப் பட்டியலும் இருக்க வேண்டும். இயன்மருத்துவர்களின் சேவை இல்லங்களை எட்ட வேண்டும். தமிழ் பேசும் முதியோர் உள்ள இல்லங்களுக்குத் தமிழறிந்த வைத்தியரோ தாதியோ அனுப்பப்பட வேண்டும். இல்லங்களைப் பதிவு செய்யும் அதிகாரிகள் கட்டடத்தையும் சமையலறையையும் பார்ப்பதுடன், கடந்த ஆண்டில் எத்தனை முதியவர்களை ஒரு விசேட வைத்திய நிபுணர் பார்த்தார் என்பதையும் கேட்க வேண்டும்.

அரசாங்கத்தை மாத்திரம் நோக்கி விரல் நீட்டுவதும் முறையன்று. பள்ளிவாசல் பரிபாலன சபைகளும், கோவில் அறங்காவலர்களும், தேவாலயங்களும், பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும் முதியோர் இல்லங்களுக்கு அன்னதானமும் உடுபுடவையும் வழங்கி வருகின்றன. விசேட தினங்களில் ஒரே இல்லத்துக்கு மூன்று வேளை விருந்து வந்து குவிவதும் உண்டு. அந்த அன்பின் ஒரு பகுதியைக் கிளினிக் நாளுக்கு ஒரு வாகனமாகவும், உடன் செல்லும் ஓர் இளைஞனாகவும், ஓய்வு பெற்ற வைத்தியர் ஒருவரின் வாராந்த வருகையாகவும் மாற்றிக் கொடுத்தால் அதன் பயன் பன்மடங்காகும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளும் மாதப் பணம் அனுப்பியதோடு கடமை முடிந்ததென்று கருதாது, அம்மாவைக் கடைசியாகப் பார்த்த வைத்தியர் யார், எப்போது பார்த்தார், என்ன சொன்னார் என்று இல்லத்தாரிடம் கேட்டறிதல் வேண்டும்.

மார்ஜரி வாரன் புதிய மருந்து எதனையும் கண்டுபிடித்தவரல்லர். புதிய கருவி எதனையும் ஆக்கியவருமல்லர். மற்றவர்கள் கைவிட்ட கட்டில்களின் அருகே சென்று நின்று, அங்கே கிடந்தவர்களையும் நோயாளர்களாக மதித்துப் பரிசோதித்தவர். அந்த மதிப்பு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள எமது முதியோருக்கும் உரியது. அதனைப் பெற்றுக் கொடுக்கும் கடமை சுகாதார அமைச்சுக்கும், முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும், இல்லங்களை நடத்துவோருக்கும், பிள்ளைகளாகிய எமக்கும் உண்டு. காலம் தாழ்த்துவதற்கு அந்த முதியவர்களிடம் அதிக காலம் இல்லை என்பதை அனைவரும் உணர வேண்டும்.